படிகத்துக்கு முன் கடிகாரம்: காமா கதிர் வெடிப்பைத் தேடும் மாணவர் செயற்கைக்கோள் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறு செயற்கைக்கோள் கட்டும் கல்லூரி மாணவர்களுக்கும், அவர்களை வழிநடத்தும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

முதல் கியூப்சாட்டிலேயே (பத்து சென்டிமீட்டர் கனசதுர அலகுகளால் ஆன சிறு செயற்கைக்கோள்) காமா கதிர் வெடிப்புகளை, அதாவது தொலைதூர விண்வெளியிலிருந்து திடீரென வந்து மறையும் காமா கதிர் வீச்சுகளை, பிடிக்க வேண்டும் என்று திட்டமிடும் குழுக்களுக்காக இந்த மடல். தேர்வு நல்ல தேர்வு. தொலைநோக்கி ஆடி வேண்டாம், விண்மீனைக் குறிபார்த்து நிற்கும் துல்லியமும் வேண்டாம். காமா கதிர் பட்டால் மினுங்கும் உள்ளங்கையளவு படிகமும் அதன் விளிம்பில் சில ஒளி உணரிகளும் போதும். ஹங்கேரி, செக், ஸ்லோவாக்கிய, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021 மார்ச்சில் அனுப்பிய ஜிஆர்பி ஆல்ஃபா பத்து சென்டிமீட்டர் கனசதுரம்தான். பல ஆண்டுகள் வெடிப்புகளைப் பதிவுசெய்தது. சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய கிரிட் திட்டமும், 2023 டிசம்பரில் ஏவப்பட்ட அயர்லாந்தின் முதல் செயற்கைக்கோளான ஈர்சாட்-1உம் இதே வழியில் வென்றவை.

எங்கள் கவலை வேறு. இத்தகைய முன்மொழிவுகளில் படிகம், பரப்பளவு, ஆற்றல் வீச்சு ஆகியவற்றுக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. நேரத்துக்குக் கிடைப்பது ஒரு வரி: “போர்டில் உள்ள ஆர்டிசி (கடிகாரச் சில்லு) பயன்படுத்தப்படும்.” இந்த விகிதத்தைத் தலைகீழாக்குங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

ஒற்றைப் படிகத்துக்குத் திசை தெரியாது. எந்தப் பக்கத்திலிருந்து ஃபோட்டான் வந்தாலும் அதே மினுக்கம்தான். ஃபெர்மி செயற்கைக்கோளின் ஜிபிஎம் கருவி 12 சோடியம் அயோடைடு உணரிகளைப் பல திசைகளில் சாய்த்து வைத்து, எதில் எவ்வளவு விழுந்தது என்ற விகிதத்திலிருந்து திசையைக் கணிக்கிறது. ஒரே படிகம் வைத்திருக்கும் நீங்கள் திசைக்குத் தரக்கூடிய ஒரே தகவல், வெடிப்பு உங்களை எந்தக் கணத்தில் வந்தடைந்தது என்பது. இந்தத் துறை பிறந்ததும் அப்படித்தான். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள் 1967 ஜூலை 2 அன்று முதல் வெடிப்பைப் பதிவுசெய்தன. பிறகு, வெவ்வேறு செயற்கைக்கோள்களுக்குக் கதிர் வந்து சேர்ந்த நேர வேறுபாடுகளைக் கொண்டு பூமியும் சூரியனும் காரணமல்ல என்று உறுதிசெய்தபின், 1973இல் 16 வெடிப்புகள் பற்றிய கட்டுரை வந்தது. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்த ஈர்ப்பலை வந்து 1.74 நொடி கழித்து ஃபெர்மி ஒரு குறு வெடிப்பைக் கண்டது. ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே வேகத்தில் செல்கின்றன என்பதை அவ்வளவு நுட்பமாகச் சொல்ல முடிந்தது அந்த 1.74 என்ற எண்ணால்.

இப்போது உங்கள் ஆர்டிசியைப் பாருங்கள். சாதாரணக் குவார்ட்ஸ் அலையியற்றியின் பிழை பத்து லட்சத்தில் 20 பங்கு என்றால், ஒரு நாளில் அது 1.7 நொடி விலகும். ஒரு வாரம் திருத்தாமல் விட்டால் 12 நொடி. அந்தத் தரவை வைத்து வேறு எந்தக் கருவியின் பதிவோடும் உங்கள் பதிவை இணைக்க முடியாது.

எவ்வளவு துல்லியம் தேவை? தாழ் பாதையில் பூமிக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும் இரு செயற்கைக்கோள்களுக்கு இடையே ஏறத்தாழ 13,800 கி.மீ.; ஒளி அதைக் கடக்க 46 மில்லிநொடி ஆகும். வந்துசேர்ந்த நேர வேறுபாட்டை 1 மில்லிநொடிக்குள் அளந்தால் வானத்தில் சுமார் 1.2 பாகை அகலமுள்ள ஒரு வளையம் கிடைக்கும். 10 மில்லிநொடி என்றால் 12 பாகை. 50 மில்லிநொடிக்கு மேல் போனால் எதுவுமே கிடைக்காது. மங்கலான வெடிப்பில் ஃபோட்டான் எண்ணிக்கையே குறைவு என்பதால் மில்லிநொடியை எட்டுவது கடினம்தான். ஆனால் அந்த வரம்பு இயற்கை விதித்ததாக இருக்கட்டும். கடிகாரத்தின் பிழை அதற்கும் கீழே, நூறு மைக்ரோநொடிக்குள் நிற்க வேண்டும். 2015 செப்டம்பரில் ஏவப்பட்ட நம் விண்வெளி ஆய்வகமான ஆஸ்ட்ரோசாட்டின் சிஇசட்டி இமேஜர் கருவி ஒவ்வொரு நிகழ்வுக்கும் 20 மைக்ரோநொடித் துல்லியத்தில் நேரமுத்திரை இடுகிறது. அது கண்ட வெடிப்புகள் 600ஐத் தாண்டிவிட்டன.

இதைச் செய்யும் முறை எளிது; வழுக்கும் இடங்கள்தான் பல. ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்றும், அதன் நொடித் துடிப்பான பிபிஎஸ் கம்பியும் வேண்டும். அந்தக் கம்பி உணரியின் நிரலாக்கச் சில்லான எஃப்பிஜிஏவுக்கோ மைக்ரோகன்ட்ரோலரின் டைமர் கேப்சர் பின்னுக்கோ நேராகப் போக வேண்டும். பிரதான கணினி ஜிபிஎஸ் நேரத்தைப் பெற்று, ஐஸ்கொயர்சி என்ற தரவு இணைப்பு வழியே “இப்போது மணி இத்தனை” என்று செய்தி அனுப்பும் ஏற்பாட்டில், அந்தக் கணினி வேறு வேலையில் இருக்கும்போதெல்லாம் பத்து, நூறு மில்லிநொடித் தாமதம் சேரும். அதைப் பின்னால் திருத்த வழியில்லை. உணரிப் பலகையில் 1 மெகாஹெர்ட்ஸ் கவுன்டர் ஓடட்டும். ஒவ்வொரு பிபிஎஸ்ஸிலும் அதன் மதிப்பைப் பதியுங்கள். 32 பிட் கவுன்டர் 71.6 நிமிடத்தில் சுழன்று பூச்சியமாகும். அதைக் கையாளும் நிரலை மேசையில் சில மணி நேரம் தொடர்ந்து ஓட்டிச் சோதிக்காவிட்டால், பாதைக்குப் போன பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை நேரம் குதிக்கும்.

கடையில் வாங்கும் ஜிபிஎஸ் சில்லுகள் 18 கி.மீ. உயரமும் நொடிக்கு 515 மீட்டர் வேகமும் கடந்தால் வேலையை நிறுத்திவிடும். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்காக வைத்த பூட்டு அது. அதை நீக்கிய ஃபர்ம்வேர் உள்ளதா என்று வாங்கும் முன்பே கேட்டு, ஜிபிஎஸ் சிமுலேட்டரில் நொடிக்கு 7.6 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். மேசையில் மணிக்கணக்காகப் பிசகாமல் வேலை செய்ததெல்லாம் இதற்குச் சான்றாகாது. மின்சாரம் போதாமல் சுற்றுக்குப் பத்து நிமிடம் மட்டுமே ரிசீவரை இயக்க முடியும் என்றாலும் பரவாயில்லை: வெப்பநிலை ஈடுசெய்யும் டிசிஎக்ஸ்ஓ ஒன்று பத்து லட்சத்தில் அரைப் பங்கு பிழையோடு 80 நிமிடம் தாங்கினால் விலகல் 2.4 மில்லிநொடிதான், இரு முனைகளிலும் அளந்த விலகலைக் கொண்டு இடைப்பட்டதைத் தரையில் திருத்திக்கொள்ளலாம்.

18 நொடியையும் கவனியுங்கள். 2017 முதல் ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியைவிட 18 நொடி முந்தி ஓடுகிறது. ரிசீவர் விழித்த உடனே, செயற்கைக்கோள்களிடமிருந்து லீப் நொடித் தகவல் (யுடிசியில் அவ்வப்போது சேர்க்கப்பட்ட கூடுதல் நொடிகளின் எண்ணிக்கை) வந்துசேரும் முன், ஃபர்ம்வேரில் எழுதியிருக்கும் பழைய மதிப்பைக் கொண்டு யுடிசி என்று ஒன்றைச் சொல்லும். சில நிமிடம் கழித்து அதுவே திருத்திக்கொள்ளும். பதிவில் யுடிசியை எழுதாதீர்கள். ஜிபிஎஸ் வார எண்ணையும் வார நொடியையும் எழுதி, மாற்றத்தைத் தரையில் செய்யுங்கள்.

இந்தச் சங்கிலி முழுவதையும் சோதிக்க ஓர் எல்இடி போதும். தனியான இன்னொரு ஜிபிஎஸ் ரிசீவரின் பிபிஎஸ்ஸால் அந்த எல்இடியை மினுக்கி, அதன் ஒளியைப் படிகப் பெட்டிக்குள் செலுத்துங்கள். உங்கள் தரவில் ஒவ்வொரு நொடியும் முழு எண்ணில் ஒரு முகடு வர வேண்டும். வெப்ப அறையில் −10 முதல் +40 டிகிரி வரை ஏற்றி இறக்கி, நடுவில் மின்சாரத்தைத் துண்டித்து மீட்டு, ஒரு வாரம் ஓட விடுங்கள். விலகிய ஒவ்வொரு முகட்டுக்கும் காரணம் தெரியும் வரை பெட்டியை மூடாதீர்கள்.

அடுத்தது பின்னணி, அதாவது வெடிப்பு இல்லாதபோதும் உணரியில் பதிவாகும் எண்ணிக்கை. ஜிஆர்பி ஆல்ஃபாவில் உள்ளதுபோல் 75 × 75 × 5 மி.மீ. அளவுள்ள, தாலியம் கலந்த சீசியம் அயோடைடு படிகம் என்று வைப்போம்: முகப்பு 56 சதுர செ.மீ., எடை 127 கிராம். கணக்குக்காகப் பின்னணியை நொடிக்கு 300 எண்ணிக்கை என்று கொள்வோம். ஒரு நொடியில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், 17. ஐந்து மடங்கு மேலே எழ 87 எண்ணிக்கை வேண்டும். அதாவது சதுர செ.மீ.க்கு நொடிக்கு சுமார் 1.5 ஃபோட்டான். நான்கு நொடிச் சாளரத்தில் அந்த வாசல் பாதியாக 0.8க்கு இறங்கும், 64 மில்லிநொடியில் 6க்கு ஏறும். இவை நேர் எதிரிலிருந்து வரும் வெடிப்புக்கான எண்கள். 60 பாகை சாய்ந்து வந்தால் இரட்டிப்பாகும். ஃபெர்மி ஜிபிஎம் ஆண்டுக்கு சுமார் 240 வெடிப்புகளைப் பிடிக்கிறது. உங்களுக்குக் கிடைப்பது அவற்றில் பிரகாசமான சிறுபங்கு. 550 கி.மீ. உயரத்தில் வானத்தின் 30 சதவீதத்தைப் பூமியே மறைத்துவிடும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். முன்மொழிவில் இந்தக் கணக்கை எழுதுங்கள். “நூற்றுக்கணக்கான வெடிப்புகள்” என்று எழுத வேண்டாம்.

சிறியதாக இருப்பதில் ஒரு பலமும் உண்டு. 2022 அக்டோபர் 9 அன்று வந்த ஜிஆர்பி 221009ஏ, பதிவானவற்றில் மிகப் பிரகாசமானது. அதன் உச்சத்தில் பெரிய கருவிகள் பலவும் திணறி நிரம்பி வழிந்தன. ஜிஆர்பி ஆல்ஃபாவின் சிறு படிகம் நிரம்பாமல் உச்சத்தை அளந்தது. அந்த அளவீடு அறிவியல் கட்டுரையானது. இப்படிப்பட்ட நாளுக்கு மின்னணுவியல் தயாராக இருக்க வேண்டும். ஒரு துடிப்பைக் கையாள 10 மைக்ரோநொடி ஆகும் கருவியில், நொடிக்கு 50,000 ஃபோட்டான் வந்தால் பதிவாவது 33,000தான். எனவே உணரி எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்பதைத் தனிக் கவுன்டரில் எண்ணிச் சேமியுங்கள். எண்ணும் கவுன்டர் நிரம்பினால் பூச்சியத்துக்குத் திரும்பாமல் உச்ச மதிப்பிலேயே நிற்கட்டும். 8 பிட் கவுன்டரில் 300 என்பது 44 என்று பதிவாகும். முகடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் தெரியும்.

பின்னணியைத் தீர்மானிப்பது பாதை. பூமத்தியரேகையை ஒட்டிய பாதையில் அது ஏறத்தாழ சீராக இருக்கும். ஆஸ்ட்ரோசாட்டுக்கு 6 பாகைச் சாய்வு அளித்த பெரும் நன்மை இது. சூரிய ஒத்திசைவுப் பாதையிலோ ஒவ்வொரு சுற்றிலும் இரு துருவங்களுக்கருகே கதிர்வீச்சு வளையத்தின் விளிம்புகளை நான்கு முறை கடக்க வேண்டும். கதிர்வீச்சு வளையம் பூமியை நெருங்கி இறங்கும் தென் அட்லாண்டிக் முரண்பகுதி வேறு. அங்கே பொழியும் எலக்ட்ரான்கள் பத்து, இருபது நொடிகளில் ஏறி இறங்கும்போது ஒரு நீள் வெடிப்பைப் போலவே தெரியும். பிஎஸ்எல்வியின் நான்காம் அடுக்கில் இடம் தரும் போயம் மேடையில் பறக்க நினைப்பவர்கள், அந்த ராக்கெட்டின் முதன்மைப் பயணி யார் என்று முதலில் பாருங்கள். 2024 ஜனவரியில் எக்ஸ்போசாட்டோடு சென்ற மேடை பூமத்தியரேகையை ஒட்டிச் சுற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பேடெக்ஸோடு சென்றது 55 பாகைச் சாய்வில். ஒரே உணரிக்கு இவை இரண்டும் முற்றிலும் வேறு பின்னணிகள். மேடையின் ஆயுள் சில மாதங்களே என்பதால், அதைக் கடிகாரத்தையும் பின்னணியையும் அளக்கும் ஒத்திகையாகக் கொள்வது நல்லது. வெடிப்பு கிடைத்தால் மேலதிக லாபம்.

இதனால்தான், எதைச் சேமிப்பது என்று முடிவெடுக்கும் அதிகாரத்தைச் செயற்கைக்கோளிலுள்ள ட்ரிக்கரிடம் (எண்ணிக்கை வாசலைத் தாண்டினால் எழும் நிரல்) கொடுக்காதீர்கள் என்கிறோம். ஜிபிஎம் குறைந்தது இரண்டு உணரிகள் ஒரே சமயத்தில் வாசலைத் தாண்டினால்தான் எழுகிறது. உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஐந்து சிக்மா வாசலில் (ஏற்ற இறக்கத்தின் ஐந்து மடங்கு) ஒரு நொடிச் சாளரத்தில் வெறும் தற்செயலால் எழும் பொய் ட்ரிக்கர் நாற்பது நாளுக்கு ஒன்று; வெவ்வேறு சாளர நீளங்களும் ஆற்றல் பட்டைகளுமாக முப்பது சேர்க்கைகளைத் தேடினால் தினமும் ஒன்றை நெருங்கும். துருவப் பகுதிகளில் பின்னணியே சரிவதால் எழும் பொய்கள் அதைவிடப் பல மடங்கு. ட்ரிக்கர் கொடி மட்டும் நாட்டட்டும். தரவு முழுவதும் ஃபிளாஷ் நினைவகத்தில் சுழல் பதிவாக இருக்கட்டும்.

இதற்கான அளவுகளும் எட்டக்கூடியவையே. ஒரு நிகழ்வுக்கு 6 பைட் என்றால் நொடிக்கு 1.8 கிலோபைட், நாளுக்கு 155 மெகாபைட். 9,600 பிட் வேக யுஎச்எஃப் வானொலி இணைப்பில் எட்டு நிமிடக் கடப்பு ஒன்றில் முழுதாக வந்தாலே 576 கிலோபைட்தான். ஒவ்வொரு தரவுச் சட்டகத்தின் தலைப்புத் தகவலும் இழப்பும் போகப் பாதி மிஞ்சும். எனவே முதலில் நொடிக்கு நான்கு ஆற்றல் பட்டைகளின் எண்ணிக்கைகளை மட்டும் இறக்குங்கள். அதுவும் நாளுக்கு 691 கிலோபைட் ஆகும் என்பதால் வேறுபாட்டுக் குறியாக்கத்தில் சுருக்க வேண்டும். பிறகு வேறு கருவிகள் அறிவித்த வெடிப்பு நேரங்களைப் பார்த்து, 30 நொடி முன்னும் 120 நொடி பின்னுமான முழுப் பதிவைக் கேளுங்கள்: 270 கிலோபைட், ஒரே கடப்பில் அடங்கும். கடிகாரம் தவறியிருந்தால் கேட்ட துண்டில் வெடிப்பே இருக்காது. ஜிஆர்பி ஆல்ஃபாவுக்கு உலகெங்குமுள்ள அமெச்சூர் வானொலியினர் தரவு வாங்கித் தந்தார்கள். அதற்கு உங்கள் சட்டக வடிவத்தையும் டிகோடரையும் ஏவுதலுக்கு முன்பே வெளியிட வேண்டும்.

படிகத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். அதை நீங்கள் நன்றாகவே படித்திருப்பீர்கள். சீசியம் அயோடைடு ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, நொறுங்காது. சீரியம் புரோமைடு வேகமானது, ஆனால் காற்றின் ஈரம் பட்டால் கெடும்; மூடிய உறையோடு வாங்க வேண்டும். காக் (கடோலினியம் அலுமினியம் காலியம் கார்னெட்) படிகம் அடர்த்தியானது, உறுதியானது. முரண்பகுதியைக் கடந்த பிறகு சற்று நேரம் மினுங்கிக்கொண்டிருக்கும், கீழ் ஆற்றல் வாசல் அதனால் உயரும். லுட்டீசியம் உள்ளவற்றைத் தவிர்த்துவிடுங்கள்: அவற்றில் உள்ள லுட்டீசியம்-176 தானே கதிர் வீசும். 5 மி.மீ. சீசியம் அயோடைடு 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஃபோட்டான்களை ஏறக்குறைய முழுதும் நிறுத்தும். 500 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஃபோட்டான்களில் ஐந்தில் ஒன்றுதான் அதில் மோதும். மேல்மூடி 1 மி.மீ. அலுமினியம் என்றால் 20 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் 40 சதவீதமும் 30இல் முக்கால் பங்கும் உள்ளே வரும். பாதுகாப்புக்காகத் தடிமனைக் கூட்டும் முன் இதைக் கணக்கிடுங்கள்.

படிகத்தின் மினுக்கத்தைப் படிக்கும் ஒளி உணரிகளான சிலிக்கான் ஃபோட்டோமல்டிபிளையர்கள்தான் இந்தக் கருவியின் நோஞ்சான் உறுப்பு. ஒருவகைச் சில்லில் முறிவு மின்னழுத்தம் டிகிரிக்கு 54 மில்லிவோல்ட் மாறும். 3 வோல்ட் மிகை அழுத்தத்தில் இயக்கும்போது 20 டிகிரி ஏறினால் பெருக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழும். 60 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கோடு 40க்குக் கீழே தெரியும். வெப்பமானியைச் சில்லுகளின் முதுகிலேயே ஒட்டி, அழுத்தத்தை அதற்கேற்பத் திருத்துங்கள். புரோட்டான்கள் சிலிக்கான் அணுக்களை இடம்பெயர்ப்பதால் ஒளியே இல்லாதபோதும் ஓடும் இருள் மின்னோட்டம் மாதாமாதம் ஏறும், வாசலும் கூடவே ஏறும். சில்லுகளைப் படிகத்தின் ஓர் விளிம்பில் திரட்டி, அந்த விளிம்பை மட்டும் 2 முதல் 3 மி.மீ. ஈயக் கலவையால் மூடினால் வேகம் குறையும். வாசல் மதிப்பைத் தரையிலிருந்து மாற்றும் கட்டளை கட்டாயம் வேண்டும். ஒளியிணைப்புப் பசையில் சிக்கிய காற்றுக் குமிழி வெற்றிடத்தில் விரிந்து படிகத்தைத் தூக்கிவிடும்; பசையை வெற்றிடத்தில் குமிழி நீக்கியே ஊற்றுங்கள், பெட்டிக்கு ஒளி புகாத வளைந்த காற்றுத்துளை வையுங்கள். ஊசிமுனை ஒளிக்கசிவு இருந்தால் பகல் பாதியில் மட்டும் பின்னணி ஏறும். அளவுத்திருத்தத்துக்கு அமெரிசியம்-241, பேரியம்-133, சீசியம்-137 போதும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய அனுமதிக்கு நேரம் பிடிக்கும், விண்ணப்பத்தை முதல் ஆண்டிலேயே கொடுங்கள்.

வெடிப்பு உணரியோடு தொடர்பில்லாத கோளாறும் பணியைச் சுருக்கிவிடும். நாசாவின் பர்ஸ்ட்கியூப் 2024 ஏப்ரலில் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. ஒரு சூரியத் தகடு முழுதாக விரியாமல், திசையறிய உதவும் விண்மீன் காட்டியை மறைத்தது; காற்றிழுவை கூடி, ஓராண்டுக்கு மேல் திட்டமிட்ட பணி செப்டம்பரிலேயே முடிந்தது. உணரி மட்டும் நன்றாகவே வேலை செய்தது. உங்களுக்கு விரியும் தகடு உண்மையில் தேவையா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பேராசிரியர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். ஏவுதல் வரை மாணவர்கள் தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஃபெர்மி ஜிபிஎம்மின் தொடர் தரவு, 2 மைக்ரோநொடி நேரமுத்திரையோடு, யாருக்கும் இலவசம். ஆஸ்ட்ரோசாட் தரவும் இஸ்ரோவின் அறிவியல் தரவு மையத்தில் கிடைக்கிறது. ஜிபிஎம் தரவில் ஒரே ஒரு உணரியை மட்டும் எடுத்து, பரப்பை உங்கள் படிகத்தின் அளவுக்குக் குறைத்து, ஒரு மாதத் தரவில் மாணவர்களின் நிரலைத் தேட விடுங்கள். எத்தனை உண்மை வெடிப்பு தப்பியது, எத்தனை பொய் எழுந்தது என்று எண்ணிய பிறகு வடிவமைப்பு ஆய்வுக் கூட்டத்தை வையுங்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் முதல் கேள்வி, எல்இடி சோதனையில் ஒரு வாரத்தில் அதிகபட்ச நேர விலகல் எவ்வளவு என்பதாக இருக்கட்டும்.

வெடிப்பு கிடைத்ததும், வெடிப்புச் செய்திகளை வானியலாளர்கள் பகிரும் ஜிசிஎன் வலையமைப்புக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். அதில் தொடக்க நேரம் யுடிசியிலும், நேரப் பிழை எவ்வளவு என்பதும், ஆற்றல் பட்டை, சாளர நீளம், பின்னணி கழித்த உச்ச எண்ணிக்கை, 90 சதவீத எண்ணிக்கை அடங்கிய கால அளவு, அப்போது செயற்கைக்கோள் இருந்த இடம் ஆகியவையும் இருக்க வேண்டும். வேறு கருவிகள் கண்டு நீங்கள் காணாத வெடிப்புக்கும், உணரி விழித்திருந்ததா, பூமி மறைத்ததா, மேல் வரம்பு என்ன என்று எழுதுங்கள். உணரியின் திசைவாரித் துலங்கல் கோப்பையும் கூடவே வெளியிடுங்கள். அது இல்லாமல் உங்கள் எண்ணிக்கைகளை ஃபோட்டான்களாக மாற்ற வேறு யாராலும் இயலாது. செய்து முடித்த குழுக்கள் தங்கள் நேரச் சோதனைத் தரவை வெளியிட்டால், அடுத்த குழு அங்கிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
விண்வெளிக் காமா கதிர் உணரிகளோடு பணிபுரிவோர் சிலர்